‘கே.எல். பக்கம்’ என்றால் எவ்வளவு பக்கம்? வணிகம், பொருளாதாரம் படிக்கக் கல்லூரி தேடும் திரிங்காப் மாணவர்களுக்கு

எஸ்.பி.எம். முடிவு வந்த மறுநாளே உங்கள் கைப்பேசிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வரும். “வாழ்த்துகள் தம்பி, பிசினஸ் படிக்க ஆசை இருக்கா? எங்க கல்லூரி கே.எல். பக்கத்துலயே இருக்கு. இந்த வாரம் பதிஞ்சிட்டா லேப்டாப் இலவசம்.” அழைப்பவர் அன்பாகத்தான் பேசுவார். பேசுவதுதான் அவருடைய வேலை.

எனக்கும் ஒரு காலத்தில் அப்படி ஓர் அழைப்பு வந்தது. கையேட்டின் அட்டையில் இரட்டைக் கோபுரம் பளபளத்தது. அப்பாவும் நானும் விடிவதற்கு முன்பே மலையிலிருந்து இறங்கிப் போய்ப் பார்த்தால், அந்தக் கல்லூரிக்கும் இரட்டைக் கோபுரத்துக்கும் நடுவில் இரண்டு டோல் சாவடிகள், ஒரு செம்பனைத் தோட்டம்! கட்டியிருந்த பதிவுப் பணம் திரும்பி வரவே இல்லை. கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. அப்படி ஏமாந்தது நான் ஒருத்தி மட்டுமல்ல என்பதால்தான் இந்தக் கட்டுரை.

திரிங்காப்பில் இருக்கும் உங்களுக்கு ‘நகரத்துக்குப் பக்கத்தில் கல்லூரி’ என்பது ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது மட்டுமில்லை. வீட்டை விட்டுப் போவது, வாடகை கட்டுவது, கடன் வாங்குவது எல்லாம் அதில் சேர்ந்தே வருகிறது. பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் உங்கள் வயதுப் பிள்ளைக்குக் கல்லூரி பிடிக்கவில்லை என்றால் வேறு கல்லூரிக்கு மாறலாம், அதே வீட்டிலிருந்தே போய் வரலாம். உங்களுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் நீங்கள் பார்க்க வேண்டியதும் கொஞ்சம் வேறு.

முதலில், வணிகமா பொருளாதாரமா?

இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. உங்கள் ஊரை வைத்தே பார்ப்போம்.

கேமரன் மலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் முட்டைக்கோஸ் போட்டால் விலை விழும். விலை விழுந்ததும் பலர் தக்காளிக்கு மாறுவார்கள், முட்டைக்கோஸ் குறையும், விலை மறுபடி ஏறும். இது ஏன் நடக்கிறது, இதில் யாருக்கு லாபம், அரசாங்கம் தலையிட்டால் என்ன ஆகும் என்று கேட்பது பொருளாதாரம். அதே முட்டைக்கோஸை நடுவில் ஆள் இல்லாமல் கோலாலம்பூர் உணவகங்களுக்கு நேராக விற்பது எப்படி, குளிர்பதன லோரி வாங்கினால் கட்டுப்படியாகுமா, கணக்கை எப்படி எழுதுவது என்று கேட்பது வணிகம்.

இன்னொன்று. 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். சம்பளம் உயரும்போது தேயிலைத் தோட்டம் ஆட்களைக் குறைக்குமா, இயந்திரத்தைக் கொண்டுவருமா, தேயிலை விலையை ஏற்றுமா? இந்தக் கேள்வி உங்களைத் தூங்கவிடவில்லை என்றால் உங்களுக்கு ஏற்றது பொருளாதாரம். “அதெல்லாம் இருக்கட்டும், கீ ஃபார்ம் சந்தையில எங்க மாமா கடையை எப்படிப் பெருசாக்குறது?” என்பது உங்கள் கேள்வி என்றால் வணிகம் படியுங்கள். இரண்டில் எதுவும் மட்டமில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. பட்டப்படிப்பில் பொருளாதாரம் என்றால் கணிதம் உண்டு. நுண்ணியல், பேரியல் பொருளாதாரத்தோடு நின்றுவிடாது. புள்ளியியலும் அதற்குமேல் எக்கனோமெட்ரிக்ஸும் வரும். எஸ்.பி.எம். கணிதத்தில் தட்டுத்தடுமாறித் தேறியவர்கள், பெயர் கம்பீரமாக இருக்கிறது என்பதற்காக இதில் இறங்க வேண்டாம். கூடுதல் கணிதம் எடுத்தவர்களுக்கு இங்கே பாதை எளிது.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: கணக்கியல். மலேசியாவில் ‘கணக்காளர்’ என்று சொல்லிக்கொள்ள 1967-ஆம் ஆண்டு கணக்காளர் சட்டப்படி மலேசியக் கணக்காளர் கழகத்தில், அதாவது எம்.ஐ.ஏ.வில், உறுப்பினராக வேண்டும். அதனால் எந்தக் கல்லூரியாக இருந்தாலும், “இந்தப் பட்டத்தை முடிச்சா எம்.ஐ.ஏ.வில் சேர இன்னும் என்ன எழுதணும்?” என்று கேளுங்கள். சில பட்டங்களோடு போதும். சிலவற்றுக்குப் பிறகு ஏ.சி.சி.ஏ. போன்ற தொழில்முறைத் தேர்வுகளையும் எழுத வேண்டியிருக்கும். அதற்கும் காசு, காலம் இரண்டும் வேண்டும்.

கல்லூரிக்கு முன்னால் வாசல்

பலர் கல்லூரியின் பெயரில் தொடங்குகிறார்கள். உண்மையில் எஸ்.பி.எம். முடிந்து எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள் என்பதுதான் அடுத்த நான்கைந்து ஆண்டுகளின் செலவைத் தீர்மானிக்கிறது.

ஆறாம் படிவம், அதாவது எஸ்.டி.பி.எம்., ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். “அது ரொம்பக் கஷ்டம், பல்கலைக்கழகத்தைவிடக் கஷ்டம்” என்று அண்ணன், அக்காமார்கள் பயமுறுத்துவார்கள். பழைய நாளில் எல்லாப் பாடத்தையும் கடைசியில் ஒரே மூச்சில் எழுத வேண்டியிருந்தது. 2012 முதல் பருவத் தேர்வு முறை வந்துவிட்டது. ஒரு பருவம் சரியாக அமையாவிட்டால் அதைத் திரும்ப எழுதவும் வழி உண்டு. பொருளாதாரம், கணக்கியல், வணிகவியல் மூன்றும் அதில் பாடங்களாகவே இருக்கின்றன. தமிழ்மொழியும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த ஒன்றரை ஆண்டும் நீங்கள் வீட்டுச் சோறு சாப்பிடலாம்.

மெட்ரிகுலேஷன் ஓராண்டு. அதில் கணக்கியல் பிரிவு என்று ஒன்று உண்டு: கணிதம், கணக்கியல், வணிக நிர்வாகம், பொருளாதாரம் ஆகிய நான்கும் அதில் வரும். வணிகம் பக்கம் போக நினைப்பவருக்கு இதைவிடக் குறுகிய, மலிவான பாதை கிடையாது. இடம் கிடைப்பதுதான் பிரச்சினை. இன ஒதுக்கீடு பற்றிய வாதம் ஆண்டுதோறும் வருவது உங்களுக்கே தெரியும். 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுத்த எல்லா மாணவர்களுக்கும் இனவேறுபாடின்றி இடம் உண்டு என்று 2024 ஜூன் இறுதியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். நம்மில் பெரும்பாலோர் 10 ஏ கணக்கில் வருவதில்லை. இருந்தாலும் விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. எஸ்.பி.எம். முடிவு வரட்டும் என்று காத்திருந்து வாய்ப்பைக் கோட்டை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

டிப்ளோமா மூன்று கிரெடிட்டிலிருந்து தொடங்கும். பொதுவாக இரண்டு முதல் மூன்று ஆண்டு. பாதியில் குடும்ப நிலைமை மாறினாலும், டிப்ளோமா முடித்துவிட்டால் கையில் வேலைக்கு உதவும் சான்றிதழ் ஒன்று இருக்கும். ஈப்போவில் 1969 முதல் இயங்கும் உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் வணிகப் பிரிவும் உண்டு. சிம்பாங் பூலாய் வழி இறங்கினால் உங்களுக்கு ஈப்போ கோலாலம்பூரைவிட எத்தனையோ பக்கம்.

ஃபவுண்டேஷன் ஓராண்டு. ஐந்து கிரெடிட் வேண்டும். தனியார் கல்லூரிகள் முதலில் உங்கள் கையில் திணிப்பது இதைத்தான். வேகமாக முடியும், பயமில்லை, நண்பர்களும் அங்கேதான். ஆனால் இரண்டு விஷயம் யாரும் சொல்வதில்லை. முதலாவது, தனியார் கல்லூரி ஃபவுண்டேஷனை வைத்து அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போவது பெரும்பாலும் நடக்காது. வேறு தனியார் பல்கலைக்கழகம்கூட ஏற்றுக்கொள்ளும் என்று உறுதியில்லை. இரண்டாவது, பி.டி.பி.டி.என். கடன் டிப்ளோமாவுக்கும் பட்டப்படிப்புக்கும் கிடைக்கும். தனியார் ஃபவுண்டேஷன் ஆண்டை அப்பா அம்மா கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

என் சித்தி மகன் ஒருவன் அந்த வாசலில்தான் நுழைந்தான். ஃபவுண்டேஷனுக்குச் சித்தப்பாவின் சேமிப்பு போனது. பட்டப்படிப்புக்குக் கடன் வாங்கினான். கடன் கட்டணத்துக்கே சரியாகப் போனது, வாடகைக்கு மிஞ்சவில்லை. இரவில் உணவு டெலிவரி, பகலில் வகுப்பு. இரண்டாம் ஆண்டு நடுவில் நிறுத்திவிட்டான். பட்டம் வரவில்லை, கடன் மட்டும் வந்தது. அவன் மக்கு இல்லை, சோம்பேறியும் இல்லை. ‘முடிக்கிற வரைக்கும் மொத்தம் எவ்வளவு?’ என்ற கணக்கை ஆரம்பத்தில் யாரும் போடவில்லை, நான் உட்பட. அந்தச் சமயம் நான் கே.எல்.லில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் என் கருத்து இது. மலையிலிருந்து வரும் பிள்ளைக்கு, குடும்பத்தில் பெரிய சேமிப்பு இல்லை என்றால், மெட்ரிகுலேஷன் கிடைக்காத பட்சத்தில் ஆறாம் படிவம்தான் முதல் தெரிவாக இருக்க வேண்டும். எஸ்.டி.பி.எம். சான்றிதழை அரசாங்கப் பல்கலைக்கழகமும் ஏற்கும், தனியாரும் ஏற்கும். முடிவை ஒன்றரை ஆண்டு தள்ளிப்போடலாம், அதுவும் இலவசமாக. பதினேழு வயதில் வேறு யாரும் உங்களுக்கு அந்தச் சலுகையைத் தரமாட்டார்கள்.

ஒரு சின்ன விஷயத்தையும் மறக்க வேண்டாம். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பெண்ணில் 90 விழுக்காடு பாடம், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. பள்ளி வேன் கிளம்பிவிடும் என்று மதியமே வீட்டுக்கு ஓடிவிடும் மலைப் பிள்ளைகள் அந்தப் பத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். கூடவே மூயட் ஆங்கிலத் தேர்வும் வேண்டும்.

சரி, ‘கே.எல். பக்கம்’ எங்கே இருக்கிறது?

வணிகம், பொருளாதாரம் என்றால் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மூன்று பெயர் முதலில் வரும். கோலாலம்பூருக்குள்ளேயே இருப்பது மலாயாப் பல்கலைக்கழகம். அங்கே வணிகமும் பொருளாதாரமும் இப்போது ஒரே புலத்தின் கீழ் இருக்கின்றன. பாங்கியில் யு.கே.எம்., செர்டாங்கில் யு.பி.எம். இந்த இரண்டும் சிலாங்கூரில். மூன்றிலும் தங்கும் விடுதி உண்டு, கட்டணத்தில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கிறது. விண்ணப்பம் யு.பி.யு. வழியாக.

இங்கே ஒரு குழப்பம். மலாயாப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய யு.பி.யு. தவிர ‘சாத்து’ என்ற திறந்த வழியும் இருக்கிறது. பல்கலைக்கழகம் அதேதான், வகுப்பும் அதேதான், ஆனால் கட்டணம் பல மடங்கு. ‘யு.எம். கிடைச்சிருச்சு’ என்று வீட்டில் பாயசம் வைப்பதற்கு முன், கடிதம் எந்த வழியில் வந்தது என்று பாருங்கள்.

தனியாரில் நீங்கள் கேள்விப்படும் பெயர்கள் பல திசைகளில் சிதறிக் கிடக்கின்றன. 1969-இல் துங்கு அப்துல் ரஹ்மான் கல்லூரியாகத் தொடங்கி, 2022-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த டி.ஏ.ஆர். யு.எம்.டி. செத்தாபாக்கில் இருக்கிறது. வங்சா மாஜு எல்.ஆர்.டி. நிலையம் பக்கம். ஹெல்ப் பல்கலைக்கழகம் 1986-இல் தொடங்கப்பட்டது. பொருளாதார வல்லுநர் ஒருவர் தொடங்கிய கல்விக்கூடம் அது, அதனால் அந்தத் துறையில் அதன் பெயர் இன்றும் அடிபடுகிறது. சன்வே, மோனாஷ் இரண்டும் பந்தார் சன்வேயில். எம்.எம்.யு. சைபர்ஜெயாவில். நாட்டிங்ஹாம் செமினியில். யு.டி.ஏ.ஆர். சுங்கை லோங்கில். எல்லாரும் ‘கோலாலம்பூர் அருகில்’ என்றுதான் சொல்வார்கள்.

பொய்யில்லை. ஆனால் செமினியிலிருந்து நகரத்துக்குப் பகுதிநேர வேலைக்குப் போய் வருவது வேறு, செத்தாபாக்கிலிருந்து போய் வருவது வேறு. மாதம் 50 ரிங்கிட்டுக்கு மை50 அட்டை வாங்கினால் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரெயில், ரேபிட் பஸ் எல்லாவற்றிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். கே.டி.எம். கொமுட்டர் அதில் சேராது. பாங்கி, நீலாய் பக்கம் படிப்பவர்கள் நம்பியிருப்பது கொமுட்டரைத்தான். ஆகவே கல்லூரியிலிருந்து மிக அருகில் உள்ள ரயில் நிலையம் எது, அங்கே இறங்கிய பிறகு என்ன வழி என்று கேளுங்கள். பதிலில் ‘கிரேப்’ என்ற சொல் வந்தால் மாதச் செலவில் இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மாதச் செலவு? வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, கைப்பேசி எல்லாம் சேர்த்து மாதம் 900 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். சும்மா ஓர் உதாரணம்தான், உங்கள் எண்ணை நீங்கள் போடுங்கள். மூன்று ஆண்டுக்கு 32,400. ஃபவுண்டேஷன் ஆண்டையும் சேர்த்தால் 43,200. கல்லூரிக் கட்டணம் இதில் ஒரு சென் கூட இல்லை! கையேட்டில் அச்சிடாத கட்டணம் இதுதான்.

நகரம் கட்டாயமா?

‘கே.எல். போனால்தான் எதிர்காலம்’ என்று நாம் நினைக்கிறோம். வணிகத் துறையில் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வங்கிகளின் தலைமையகம், பேங்க் நெகாரா, பெரிய நிறுவனங்களின் பயிற்சி வாய்ப்பு எல்லாம் அங்கேதான். ஆனால் தொழிற்பயிற்சி பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில் சில மாதங்கள். அதற்காக எல்லா ஆண்டும் நகர வாடகை கட்ட வேண்டுமா?

தாப்பாவில் இறங்கி ஈப்போ பக்கம் திரும்பினால் சிறிது தூரத்தில் கம்பார். யு.டி.ஏ.ஆரின் பெரிய வளாகம் அங்கேதான் இருக்கிறது. வணிகம், நிதித்துறை படிக்கும் புலமும் அங்கே உண்டு. டி.ஏ.ஆர். யு.எம்.டி.யின் பேராக் கிளையும் அதே ஊரில். மாணவர்களை நம்பியே ஊர் வளர்ந்திருப்பதால் வளாகத்தைச் சுற்றி வாடகை அறைகள் ஏராளம். ஈ.டி.எஸ். ரயில் கம்பாரில் நிற்கும், கே.எல். சென்ட்ரலுக்குச் சுமார் இரண்டு மணி நேரம். சனிக்கிழமை நகரத்தைப் பார்த்துவிட்டு வரலாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே மலை ஏறிவிடலாம். முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரியது என்று கையேடு எழுதுபவர்களுக்குத் தெரியாது.

பணம் கட்டுவதற்கு முன்

மலேசியத் தகுதியுரிமை நிறுவனம், அதாவது எம்.கியூ.ஏ., அங்கீகரித்த படிப்புகளின் பதிவேடு இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறது. எம்.கியூ.ஆர். என்று தேடுங்கள். கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். உங்கள் படிப்பின் பெயர், நீங்கள் படிக்கப்போகும் வளாகத்தின் முகவரி இரண்டும் அதில் இருக்க வேண்டும். புதிய படிப்புக்கு முதலில் தற்காலிக அங்கீகாரம்தான் கிடைக்கும். அது குற்றமில்லை, ஆனால் முழு அங்கீகாரம் எப்போது வரும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பி.டி.பி.டி.என். கடன் இல்லை.

பி.டி.பி.டி.என். கேட்பதற்கு எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு வேண்டும், அதை இப்போதே திறந்துவிடுங்கள். கடன் தொகை குடும்ப வருமானத்தைப் பொறுத்தது, தனியார் கட்டணம் முழுவதையும் அது மூடும் என்று எண்ண வேண்டாம். தோட்டத்திலோ கடையிலோ வேலை செய்யும் பெற்றோருக்கு ஊழியர் சேமநிதி இருந்தால், முன்பு இரண்டாவது கணக்கு என்று இருந்து 2024 மே மாதம் ‘செஜாத்ரா’ என்று மாறிய கணக்கிலிருந்து பிள்ளைகளின் உயர்கல்விக்கு எடுக்கலாம். அது அவர்களுடைய முதுமைக்கான காசு என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள். மித்ரா, எம்.ஐ.இ.டி. இரண்டின் அறிவிப்புகளையும் பாருங்கள். பொருளாதாரத்தில் உண்மையிலேயே கெட்டிக்காரராக இருந்தால் பேங்க் நெகாராவின் கீஜாங் உபகாரச் சம்பளத்துக்கு முயன்று பார்க்கலாம்.

நம்மவர்கள் மறந்துபோகும் ஒன்றும் இருக்கிறது. சாமான் வாங்குவது, ரயில் ஏறுவது எல்லாம் பேராக் பக்கம் என்பதால், கேமரன் மலை பகாங் மாநிலத்தில் இருக்கிறது என்பதே பலருக்கு நினைவில் வருவதில்லை. யாயாசான் பகாங் கல்வி உதவி பகாங் பிள்ளைகளுக்கானது. அதன் நிபந்தனைகளைப் படித்துப் பார்க்க ஒரு மாலை நேரம் போதும்.

மறுபடியும் அந்தத் தெரியாத எண் அழைத்தால், துண்டிக்க வேண்டாம். மரியாதையாகவே மூன்று கேள்வி கேளுங்கள். முதல் நாளிலிருந்து பட்டமளிப்பு வரை எல்லாக் கட்டணமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பி வரும், கையில் எந்தச் சான்றிதழ் இருக்கும்? இந்த ஃபவுண்டேஷனை வேறு எந்தப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும்? பதிலை வாட்ஸ்ஆப்பில் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சில் லேப்டாப் கொடுத்தவர்கள் எழுத்தில் என்ன கொடுக்கிறார்கள் என்று அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பாருங்கள்.